அடுப்புக்கு விறகு பிளத்தல்: கருவியும் முறையும் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்காய்வதற்கு விறகு பிளப்பதும் சமையலுக்கு விறகு பிளப்பதும் ஒரே வேலையாகத் தோன்றினாலும், இரண்டுக்கும் வேண்டிய விறகு வேறு. குளிர்காயும் தீக்குத் தடித்த கட்டைகள் மெதுவாகக் கனன்றுகொண்டிருந்தால் போதும். சமையலுக்கோ பாத்திரத்தின் அடியில் தழல் சீராக நிற்க வேண்டும். வேண்டும்போது கூட வேண்டும், வேண்டாதபோது தணிய வேண்டும். இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் விறகின் தடிமனில்தான் இருக்கிறது. ஆகவே, பெரிய கோடாலியை ஓங்கி அடிப்பது சமையல் விறகைப் பொறுத்தவரை தொடக்கம் மட்டுமே. பிளந்த கட்டையை மீண்டும் மீண்டும் பிளந்து சிறிதாக்குவதில்தான் உழைப்பின் பெரும்பகுதி செல்கிறது. கருவி வாங்குபவர்கள் பலர் முதல் வேலையை மட்டும் மனத்தில் வைத்துக் கனத்த கோடாலி ஒன்றை வாங்கிவிட்டு, இரண்டாம் வேலையையும் அதனாலேயே செய்ய முயல்கிறார்கள். விரல் வெட்டுப்படுவதும் தோள் நோவதும் அங்கேதான். இவ்விரு வேலைகளையும் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கருவியையும் முறையையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இங்கு விளக்கப்படுவது.

முதலில் அடுப்பைப் பாருங்கள்

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, எவ்வளவு தடிமனும் எவ்வளவு நீளமும் உள்ள விறகு வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அதை முடிவு செய்வது அடுப்பின் வாய்தான். திறந்த அடுப்புக்கும் மண் அடுப்புக்கும் 3 முதல் 5 செ.மீ. தடிமனும், 30 முதல் 40 செ.மீ. நீளமும் பொதுவாகப் பொருந்தும். குறுகிய வாயும் உயரமான எரியறையும் உள்ள ராக்கெட் அடுப்புக்கு இன்னும் மெல்லிய விறகு, அதாவது 2 முதல் 4 செ.மீ. வரை, வேண்டியிருக்கும். அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி 1980-களில் வகுத்த இந்த அடுப்பு முறையில், விறகின் நுனி மட்டுமே எரியறைக்குள் இருக்கும். எரிய எரிய விறகை உள்ளே தள்ளிக் கொடுப்பார்கள். தடித்த கட்டை ஒன்றை அந்த வாயில் திணித்தால் காற்று புகும் வழி அடைபட்டு, அடுப்பின் பயனே கெட்டுவிடும்.

தடிமன் இவ்வளவு முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. விறகு சூடேறும்போது அதிலிருந்து வெளிவரும் ஆவியே பெரும்பாலும் தழலாக எரிகிறது. அந்த ஆவி எவ்வளவு வேகமாக வெளிவரும் என்பது விறகின் மேற்பரப்பைப் பொறுத்தது. 12 செ.மீ. அகலமும் 12 செ.மீ. கனமும் உள்ள கட்டை ஒன்றை 4 செ.மீ. சதுரத் துண்டுகளாகப் பிளந்தால் ஒன்பது துண்டுகள் கிடைக்கும். மரத்தின் அளவு மாறவில்லை; ஆனால் பக்கங்களின் மொத்தப் பரப்பு மூன்று மடங்காகிவிடுகிறது. தழல் விரைவில் பிடிப்பதும், ஒரு துண்டை வெளியே இழுத்தால் உடனே தணிவதும் இதனால்தான். இதற்காக எல்லா விறகையும் விரலளவுக்குப் பிளந்துவிடவும் கூடாது. மிக மெல்லிய விறகு ஒரே நேரத்தில் ஏராளமான ஆவியை வெளிவிடுவதால், காற்று போதாமல் புகையாகிப் போகும். அடுப்பை விட்டு அசையவும் முடியாது. பற்றவைக்கச் சிறிதளவு சிராய், பெரும்பங்கு நடுத்தர விறகு, நெடுநேரம் கொதிக்க வேண்டியவற்றுக்குக் கொஞ்சம் தடித்த துண்டு என மூன்று அளவாகப் பிளந்து தனித்தனியே அடுக்குவதே நல்ல முறை. அடுப்புக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு துண்டை மாதிரியாக எடுத்து, விறகை மேலே நிறுத்திப் பிளக்கும் அடிக்கட்டையின் அருகில் வைத்துக்கொண்டால், பிளக்கும்போது கை தானாகவே அந்த அளவுக்குப் பழகிவிடும்.

ஈரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முற்றிலும் உலர்ந்த மரம் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 18 மெகாஜூல் வெப்பம் தரும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீராக இருக்கும் விறகு ஏறத்தாழ 14 மெகாஜூல்தான் தரும்; பாதி எடை நீராக இருக்கும் பச்சை விறகு 8 மெகாஜூல் அளவே தரும். எரியும் மரம் குறைவதோடு, அந்த நீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகிறது. தீ குளிர்ந்து, ஆவி முழுதாக எரியாமல் புகையாக வெளியேறுகிறது. விறகு, கரி, சாணம் போன்றவற்றைக் கொண்டு சமைப்பவர்கள் உலகில் 200 கோடிக்கும் மேல் என்றும், வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. விறகை உரிய அளவில் பிளந்து உலரவைப்பதால் மட்டுமே இந்தக் கேடு முழுவதும் நீங்கிவிடாது. ஆனால் அடுப்பை மாற்றாமல் இன்றே செய்யக்கூடிய காரியம் இது என்பதால், விறகு பிளக்கும் வேலையை வெறும் உடலுழைப்பாகக் கருதிவிடக் கூடாது.

மரத்தின் போக்கை அறிதல்

வெட்டுவது வேறு, பிளப்பது வேறு. மரத்தின் நார்கள் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடுகின்றன. அவற்றைக் குறுக்கே அறுப்பது வெட்டு. அவற்றுக்கு இடையே புகுந்து விலக்குவது பிளவு. நாரை அறுக்கப் பெரும் வலிமை வேண்டும். விலக்க அவ்வளவு வேண்டாம். எனவே நீளமான கட்டையை முதலில் ரம்பத்தால் அடுப்பின் அளவுக்குத் துண்டு போட்டுக்கொண்டு, பிறகுதான் பிளக்க வேண்டும். நீளக் கட்டையைக் கோடாலியால் குறுக்கே வெட்டுவது உழைப்பையும் மரத்தையும் வீணாக்கும். ஒவ்வொரு வெட்டிலும் கணிசமான மரம் செதிள்களாகச் சிதறிப் போகிறது.

துண்டு போட்ட கட்டையை நிமிர்த்தி வைத்து அதன் வெட்டுமுகத்தை நிதானமாகப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய வெடிப்புகள் தெரியும். மரம் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய போக்கில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த ஏற்றத்தாழ்வின் இழுப்பால்தான் வெடிப்பு எப்போதும் நடுவிலிருந்து வெளிநோக்கி விழுகிறது. கட்டை தானே காட்டும் வழி அது. முதல் அடி அந்த வெடிப்பின் மேல்தான் விழ வேண்டும். அடுத்து, பட்டையைப் பாருங்கள். பட்டையின் கோடுகள் நேராக இறங்கினால் பெரும்பாலும் நாரும் நேராகவே ஓடும். அவை கட்டையைச் சுற்றித் திருகியிருந்தால் உள்ளே நாரும் திருகியிருக்கக்கூடும். கிளை முளைத்த இடத்தில் பட்டை புடைத்திருக்கும். அதன் அடியில் கணு இருக்கும்.

மரத்துக்கு மரம் இந்தப் போக்கு மாறும். வேம்பு, புளி, யூகலிப்டஸ் ஆகியவற்றில் அடுத்தடுத்த அடுக்குகளின் நார்கள் எதிரெதிராகச் சாய்ந்து பின்னிக்கொண்டிருக்கும். இத்தகைய மரங்கள் உலர்ந்து இறுகிவிட்டால் கோடாலியைத் திருப்பி எறியும். ஆகவே வெட்டிய சில நாட்களுக்குள், பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். பொதுவாகவே கடினமான மரங்கள் பச்சையில்தான் எளிதாகப் பிளக்கும். நார் மிகுந்த, நீர் கோத்த மென்மரங்கள் சில கோடாலியை உள்ளே கவ்விக்கொள்ளும். அவற்றை வெட்டுமுகத்தில் வெடிப்பு தோன்றும் வரை உலரவிட்டுப் பிளப்பது நல்லது. எந்த வகை என்று தெரியாத மரமாக இருந்தால், ஒரு துண்டை மட்டும் இன்று பிளந்து பாருங்கள். கோடாலி துள்ளுகிறதா, சிக்குகிறதா, கட்டை சட்டென்று விலகுகிறதா என்பதே அந்த மரத்துக்கு உரிய காலத்தைச் சொல்லிவிடும். தென்னையும் பனையும் இந்தக் கணக்கில் சேரா. அவற்றுக்கு ஆண்டு வளையமும் இல்லை, நடுவைரமும் இல்லை, உறுதியெல்லாம் வெளிப்புறத்தில்தான். அவற்றை நடுவில் அடிக்காமல், விளிம்பிலிருந்து பட்டை பட்டையாக உரித்தெடுப்பதுபோல் பிளக்க வேண்டும்.

எந்தக் கருவியும் தொடக் கூடாத மரங்களும் உண்டு. அரளியின் எல்லாப் பாகமும் நச்சு. அதன் புகையும் நச்சு. சாயம் பூசிய பலகை, பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம், பசையால் ஒட்டிய பிளைவுட் ஆகியவை சமையல் அடுப்புக்கு ஆகவே ஆகா. பழைய கட்டட மரத்தைப் பிளப்பதானால் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தாலோ கையாலோ முதலில் பார்த்துவிட வேண்டும்.

கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

கோடாலியில் இரு குலம் உண்டு. மரம் வெட்டும் கோடாலியின் அலகு மெல்லியது, அகலமானது. நாரை அறுத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். விறகு பிளக்கும் கோடாலியின் கன்னங்கள் வாயிலிருந்து சட்டென்று தடித்து ஆப்பின் வடிவில் இருக்கும்; சிறிதே இறங்கினாலும் கட்டையை இரு பக்கமும் தள்ளும். மெல்லிய கோடாலியால் பிளக்க முயன்றால் அது கட்டைக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். அதை வெளியே இழுப்பதிலேயே பொழுது போய்விடும். ஒரே கோடாலிதான் வாங்க முடியும் என்ற நிலையில், சமையல் விறகுக்கு ஆப்பு வடிவக் கோடாலியையே வாங்குங்கள் என்பேன். குறுக்கே வெட்டும் வேலையை ரம்பம் பார்த்துக்கொள்ளும்.

எடையைப் பற்றித் தவறான எண்ணம் ஒன்று பரவலாக இருக்கிறது. கோடாலி எவ்வளவு கனமோ அவ்வளவு நன்றாகப் பிளக்கும் என்று நம்புகிறார்கள். அடியின் ஆற்றல் எடைக்கு நேர் விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் அமைவது. எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். நான்கு கிலோ சம்மட்டிக் கோடாலியைத் தட்டுத்தடுமாறித் தூக்கிப் போடுவதைவிட, கைக்கு அடங்கிய இரண்டு கிலோ கோடாலியை வேகமாகவும் குறி தவறாமலும் இறக்குவது பயன் தரும். பெரும்பாலான பெரியவர்களுக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை உள்ள தலையும் 70 முதல் 90 செ.மீ. வரை உள்ள காம்பும் பொருந்தும். சிறிய உடல்வாகு உள்ளவர்கள் எடையைத்தான் குறைக்க வேண்டும். காம்பின் நீளத்தை அல்ல. குட்டைக் காம்பு பாதுகாப்பானது என்பது இன்னொரு தவறான எண்ணம். குறி தவறினால் நீண்ட காம்புக் கோடாலி பெரும்பாலும் தரையில் இறங்கும்; குட்டைக் காம்புக் கோடாலியோ வளைந்து வந்து முழங்காலிலோ கணுக்காலிலோ இறங்கும்.

மரக் காம்பாக இருந்தால் அதன் அடி முனையில் தெரியும் நாரின் கோடுகளைப் பாருங்கள். அந்தக் கோடுகள் கோடாலியின் வாய்க்கு இணையாக ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் காம்பு ஓர் அதிர்ச்சியில் முறியலாம். காம்பின் பக்கவாட்டில் நார் சாய்ந்து வெளியேறும் காம்பையும், கணு உள்ள காம்பையும் ஒதுக்குங்கள். நார்க்கண்ணாடி (ஃபைபர் கிளாஸ்) காம்பு எளிதில் முறியாது. அதிர்வைக் கைக்குக் கடத்துவதிலும், பழுதானால் மாற்றுவதற்குக் கடினமாக இருப்பதிலும்தான் அதன் குறை.

இரும்பு ஆப்பும் சம்மட்டியும் கோடாலி தோற்கும் இடத்துக்கு உரியவை. இரண்டு ஆப்புகள் வேண்டும். ஒன்று கட்டைக்குள் புதைந்துவிட்டால் மற்றொன்றைக் கொண்டு அதை விடுவிக்கலாம். ஆப்பை அடிக்கச் சம்மட்டியையோ, பின்பக்கம் சம்மட்டியாக வார்க்கப்பட்ட பிளவுக் கோடாலியையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். சாதாரணக் கோடாலியின் பின்பக்கத்தால் இரும்பு ஆப்பை அடித்தால், காம்பு நுழையும் துளை விரிந்து தலை கழன்றுவிடும். அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை காளான்போல் விரியும். அந்த ஓரங்கள் தெறித்துக் கண்ணில் பாயக்கூடியவை. விரிந்த ஓரத்தை அரத்தால் ராவி எடுத்த பிறகே ஆப்பை மீண்டும் பயன்படுத்துங்கள். வைரமேறிய மரத்தில் செதுக்கிய மர ஆப்புகளும், இரும்பு ஆப்பு திறந்த பிளவை விரித்துப் பிடித்திருக்க நன்றாக உதவும்.

சமையல் விறகின் இரண்டாம் கட்டத்துக்கு, என் மதிப்பீட்டில், கோடாலியைவிட மேலானது வெட்டுக்கத்தியும், மரச் சுத்தியான கொட்டாப்புளியும் சேர்ந்த இணை. நேரான, கனத்த முதுகுடைய கத்தி வேண்டும். முனை வளைந்த அரிவாளின் வளைவு கட்டையின் மேல் சீராகப் படியாது. கத்தியின் வாயைக் கட்டையின் வெட்டுமுகத்தில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டு அதன் முதுகில் கொட்டாப்புளியால் தட்டும்போது, குறி தவறுவதற்கே இடமில்லை. 4 செ.மீ. என்றால் 4 செ.மீ.தான். ஓங்கும் வேலை இல்லாததால் வயதானவர்களும் செய்யலாம், உட்கார்ந்தபடியும் செய்யலாம். கத்தியின் முதுகில் இரும்புச் சுத்தியால் மட்டும் அடிக்கக் கூடாது. முதுகு நசுங்கும், சில்லு தெறிக்கும்.

இதே எண்ணத்தின் மறுபக்கம், வாய் மேல்நோக்கி நிற்கும் நிலைத்த அலகு. அரிவாள்மணையில் காய்தான் அசைகிறது, அலகு அசைவதில்லை; அதுபோலவே இங்கும் கட்டையை அலகின் மேல் நிறுத்தி, மேலிருந்து சுத்தியால் அடித்தால் அது பிளந்து இரு பக்கமும் விழும். நியூசிலாந்தைச் சேர்ந்த அய்லா ஹட்சின்சன் என்ற பள்ளி மாணவி 2013-ஆம் ஆண்டில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக வடிவமைத்த கிண்ட்லிங் கிராக்கர் இந்த வகையைச் சேர்ந்தது. சிராய் பிளக்கும்போது அவருடைய தாயாரின் விரல் காயம்பட்டதே அதற்குத் தூண்டுதலாக அமைந்தது. வார்ப்பிரும்பு வளையத்துக்குள் அலகு நிற்பதால் பிளந்த துண்டுகள் எளிதில் சிதறுவதில்லை. கூரான எதுவும் கையில் அசையாததால், சிராய்க்கும் மெல்லிய விறகுக்கும் இதைவிடப் பாதுகாப்பான முறை ஒன்று இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால் தடித்த, கணு நிறைந்த கட்டைகளுக்கு இது உதவாது.

பின்லாந்தின் ஹெய்க்கி கார்னா உருவாக்கிய விபுகிர்வெஸ் என்னும் நெம்புகோல் கோடாலியின் தலை, காம்பின் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். கட்டையில் பட்டதும் அது தானாகத் திரும்பிப் பிளவை அகற்றும். நேரான நாருள்ள மரத்தில் மிக விரைவாக வேலை செய்யும். பின்னிய நாருக்கு அவ்வளவாகப் பயன்படாது. நீரழுத்தத்தால் இயங்கும் பிளவு இயந்திரங்கள் நாள்தோறும் ஏராளமாக எரிக்கும் பெரிய சமையற்கூடங்களுக்கு ஏற்றவை. அவற்றை வாங்குவதானால், இரு கைகளாலும் அழுத்தினால் மட்டுமே இயங்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கை கட்டையைப் பிடித்திருக்கையில் மறு கை இயந்திரத்தை இயக்க முடியாதபடி செய்வது அதுதான். சுழலும் கூம்புத் திருகில் கட்டையைக் கையால் தள்ளிப் பிளக்கும் இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். துணியையோ கையுறையையோ அது பற்றிக்கொண்டால் விடுவித்துக்கொள்ள நேரம் கிடைக்காது.

இடமும் அடிக்கட்டையும்

அடிக்கட்டைக்கு, பிளக்க மறுத்த கணுக்கட்டையே சிறந்தது. அகலமாக, 30 முதல் 40 செ.மீ. உயரத்தில், ஆடாமல் நிற்க வேண்டும். உயரம் கூடினால் அடியின் வேகம் முழுமை பெறும் முன்பே கோடாலி கட்டையைத் தொட்டுவிடும். அதை மண் தரையில் வையுங்கள்; சிமெண்டுத் தரையில் ஒருமுறை தவறினாலும் கோடாலியின் வாய் சிதைந்துவிடும். தலைக்கு மேலும் பின்னாலும் கொடி, கிளை, கம்பி எதுவும் இருக்கக் கூடாது. பிளந்த துண்டுகள் பக்கவாட்டில் பறப்பதால் நான்கைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்கு மூடிய காலணியும் கட்டாயம். கையுறை அடுக்கும் வேலைக்கு நல்லது. ஓங்கும்போது காம்பு கையில் வழுக்கும் தளர்ந்த கையுறையைக் கழற்றிவிடுங்கள்.

முதல் கட்டம்: கட்டையைப் பிளத்தல்

கட்டையை அடிக்கட்டையின் நடுவுக்கு அப்பால், உங்களிடமிருந்து விலகிய பக்கத்தில் நிறுத்துங்கள். குறி தவறிய கோடாலி உங்கள் காலுக்கு வருவதற்கு முன்பு அடிக்கட்டையில் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இது. கால்களைத் தோளளவு அகற்றி, இரண்டும் கட்டைக்கு நேராக இருக்கும்படி நில்லுங்கள். ஒரு காலை முன்வைத்து நிற்பது அந்தக் காலை அடியின் வழியில் வைப்பதாகும். கைகளை நீட்டிக் கோடாலியின் வாயைக் குறியின் மேல் ஒருமுறை வைத்துத் தூரத்தைச் சரிபாருங்கள்.

ஒரு கை காம்பின் அடியிலும் மறு கை தலைக்கு அருகிலும் இருக்கட்டும். கோடாலியைத் தலைக்கு மேல் நேராக உயர்த்துங்கள்; இறக்கும்போது மேல் கை காம்பின் வழியே நழுவி வந்து கீழ்க் கையைச் சேர வேண்டும். அடி விழும் நேரத்தில் முழங்காலைச் சற்று மடக்கி இடுப்பைத் தாழ்த்தினால், கோடாலியின் பாதை உங்களை நோக்கி வளையாமல் செங்குத்தாக இறங்கும். பார்வை குறியை விட்டு விலகவே கூடாது. குறி என்பது கட்டையின் நடு அன்று. உங்கள் பக்கத்து விளிம்புக்கு அருகில், வெடிப்பு இருக்கும் இடம். தொலைவிலுள்ள விளிம்பில் அடித்தால் தலை கட்டையைத் தாண்டிப் போய்க் காம்பு கட்டையில் மோதும். கோடாலிக் காம்புகள் முறிவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதல் அடியிலேயே பிளக்க வேண்டும் என்று எண்ண வேண்டாம். அடி விழும் ஓசையைக் கேளுங்கள். கணீரென்று ஒலித்துக் கோடாலி எகிறினால் நார் இன்னும் விலகவில்லை. ஓசை மந்தமாகி, உள்ளே மெல்ல நொறுங்கும் சத்தம் கேட்டால் பிளவு இறங்கத் தொடங்கிவிட்டது. அதே கோட்டில் அடுத்த அடி போதும். அடுத்தடுத்த அடிகளை வெவ்வேறு இடங்களில் சிதறவிடுவது, முன்பு செய்த வேலையை வீணாக்குவதாகும்.

அகலமான கட்டையை நடுவில் பிளக்க முயலாமல், விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்து பட்டைப் பக்கத்துத் துண்டுகளை முதலில் கழற்றுங்கள். கட்டை சிறுத்த பிறகு நடுப்பகுதியைப் பிளப்பது எளிது. துண்டுகள் ஒவ்வொரு முறையும் விழுந்து, குனிந்து எடுத்து நிறுத்துவதுதான் இடுப்பை முறிக்கும் வேலை. பழைய டயர் ஒன்றை அடிக்கட்டையின் மேல் வைத்து, அதற்குள் கட்டையை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் நின்றபடியே இருக்கும். சுற்றிவந்து எட்டுப் பத்துத் துண்டாக்கிவிட்டு ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளலாம்.

முரண்டு பிடிக்கும் கட்டைகள்

கணு உள்ள கட்டையைக் கணு கீழே வருமாறு நிறுத்துங்கள். நேரான நாரில் தொடங்கிய பிளவு வேகத்தோடு கணுவை எட்டும். கணுவைக் குறுக்கே அடிக்காமல், கிளை ஓடிய திசையிலேயே அதை இரண்டாக்கும்படி கோட்டை அமைக்க வேண்டும். கவைக்கட்டையில் நார் இரண்டு பக்கமும் பிரிந்து ஒன்றையொன்று தழுவியிருக்கும். அதை அடியிலிருந்து, இரு கிளைகளின் நடுவையும் இணைக்கும் கோட்டில் பிளந்து பார்க்கலாம். ஐந்தாறு அடிகளில் அசையாவிட்டால் ரம்பத்தால் அறுப்பதோ, அடிக்கட்டையாக வைத்துக்கொள்வதோ நல்லது. அதனோடு மல்லுக்கட்டிக் களைத்த கையால் அடுத்த கட்டையைப் பிளப்பதில்தான் ஆபத்து.

கோடாலி சிக்கிக்கொண்டால் காம்பைப் பக்கவாட்டில் அசைக்காதீர்கள். தலைக்கு அருகில் காம்பு முறியும். காம்பின் முனையை உள்ளங்கையால் மேலும் கீழுமாகத் தட்டினால் பெரும்பாலும் விடும். விடாவிட்டால் அருகில் ஓர் ஆப்பை இறக்குங்கள்.

இரண்டாம் கட்டம்: அடுப்பு விறகாக்குதல்

இங்கே கனத்த கோடாலியைக் கீழே வைத்துவிடுங்கள். கால் பங்காகப் பிளந்த துண்டு ஒன்றை அடிக்கட்டையில் நிறுத்தி, வெட்டுக்கத்தியின் வாயை அதன் வெட்டுமுகத்தில் வையுங்கள். முனைப்பக்கம் துண்டுக்கு அப்பால் மூன்று, நான்கு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதுகின் நடுவில் கொட்டாப்புளியால் தட்டிக் கத்தி உள்ளே இறங்கியதும், நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் தட்டுங்கள். கைப்பிடியைக் கிடையாகப் பிடித்துக்கொண்டால் கத்தி சாயாமல் இறங்கும். நேரான நாருள்ள மரத்தில் கத்தி பாதி இறங்கியதுமே மீதி தானாக விலகிவிடும். கைப்பிடியைச் சற்றுத் திருப்பினால் போதும்.

எந்தப் பக்கம் எவ்வளவு எடுப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. துண்டை எப்போதும் சரிபாதியாகப் பிளந்துகொண்டே வந்தால் பிளவு நேராக ஓடும்; இரு பக்கமும் ஒரே அளவு மரம் இருப்பதால் எதிர்ப்பும் சமமாக இருக்கிறது. ஓரத்தில் மெல்லியதாக ஒரு பட்டையை எடுக்க முயன்றால் பிளவு மெல்லிய பக்கம் சாய்ந்து பாதியிலேயே வெளியேறிவிடும். எட்டு செ.மீ. துண்டிலிருந்து நாலு நாலாக, வேண்டுமானால் நாலிலிருந்து இரண்டிரண்டாக இறங்கி வாருங்கள்.

கத்தி இல்லாமல் கைக்கோடாலி மட்டும் இருந்தால், ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓங்குவதை அறவே விடுங்கள். விரல்கள் போவது அந்த நேரத்தில்தான். அதற்கு மாற்றாக, கோடாலியின் வாயைத் துண்டின் மேல் முனையில் ஒட்டி வைத்து, இரண்டையும் சேர்த்தே தூக்கி அடிக்கட்டையில் இறக்குங்கள். துண்டின் அடி கட்டையில் மோதும் வேகத்தில் கோடாலி உள்ளே இறங்கும். தூக்குவது ஒரு சாண் உயரம் போதும். துண்டை நிமிர்த்திப் பிடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், கையால் பிடிக்காமல் நீளக் குச்சி ஒன்றால் தாங்கிப் பிடியுங்கள்.

அடுக்கி உலரவைத்தல்

மரத்திலிருந்து நீர் நாரின் நீளவாக்கில் வெளியேறும் வேகம், குறுக்குவாக்கில் வெளியேறுவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே அடுப்பின் அளவுக்குத் துண்டு போட்டுப் பிளந்த விறகு விரைவில் உலர்கிறது. பட்டையோடு கிடக்கும் நீளக் கட்டையோ மாதக்கணக்கில் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கழிகளைப் போட்டு அவற்றின் மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுங்கள்; தார்ப்பாயால் முழுவதும் போர்த்தினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நல்ல வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் மெல்லிய விறகு சில மாதங்களில் பதமாகும். குளிர்ந்த, ஈரமான இடங்களில் கடினமரம் ஓராண்டுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். அடுக்கிலிருந்து விறகு எடுக்கும்போது கையை உள்ளே விடாதீர்கள். மேலிருந்து வரிசையாக எடுங்கள். தேளும் பாம்பும் தங்க விரும்பும் இடம் அது.

உலர்ந்ததா என்று அறிய, நாலைந்து துண்டுகளில் அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் அந்த இடத்தில் உலரக்கூடிய அளவுக்கு உலர்ந்துவிட்டது. ஈரமானி வைத்திருப்பவர்கள் வெளிப்பரப்பில் அளக்காமல், ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் அளக்க வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அடுப்புக்கு ஏற்றது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் உலர்ந்தவை கலகலவென்று ஒலிக்கும், ஈரமானவை மொத்தென்று ஒலிக்கும்; பழகிய காதுக்கு அதுவே போதும்.

கருவியைப் பேணுதல்

வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும் கோடாலியின் தலை ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால், தலை கீழே தொங்கும்படி காம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, காம்பின் மேல் முனையை மரக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். தலையின் கனமே அதைக் காம்பின் மேல் ஏற்றி இறுக்கும். காம்பு தலையைத் தாண்டி மெல்ல மெல்ல வெளியே எட்டிப் பார்ப்பதைக் கண்ணால் காணலாம். பிறகு உள்ளே இருக்கும் சிற்றாப்பை மேலும் இறக்குங்கள். தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது ஒரு நாளைக்கே உதவும். ஊறிப் புடைத்த நார் துளைக்குள் நசுங்கி, உலர்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும். ஆளிவிதை எண்ணெய் பூசி வருவது காம்பு வறண்டு சுருங்காமல் காக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலரவிடுங்கள், அது தானாகவே தீப்பற்றக்கூடியது.

பிளக்கும் கோடாலிக்குச் சவரக்கத்தியின் கூர் வேண்டாம். 30 முதல் 35 பாகைக் கோணத்தில், பள்ளமோ மழுங்கலோ இல்லாத வாய் இருந்தால் போதும். மிக மெல்லிய கூர் கணுவில் பட்டதும் உடையும். அரத்தால் இரு பக்கமும் சம அளவில் ராவி, பிறகு சாணைக்கல்லால் பிசிரை எடுங்கள். மின்சாணையில் பிடிப்பதானால் இடையிடையே தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். வாய் நீலமாகக் கன்றிவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். வெட்டுக்கத்திக்கு மட்டும் இன்னும் சற்றுக் கூர்மை வேண்டும், ஏனெனில் அது வேகத்தால் இறங்குவதில்லை. வேலை முடிந்ததும் கோடாலியை அடிக்கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டுப் போகாமல், வாயைத் துடைத்து எண்ணெய் தடவி, உறையிட்டு, மழையும் குழந்தைகளின் கையும் எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.